பதினேழாம் நம்பர் அட்டை

நம் ஊர்ப் பயர் ஸ்டேஷனுக்குப் பின்னால் நீளமான ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்ததே, உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? என் வயதுக்காரர்களாக இருந்தால், பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக ஒரு தடவையாவது உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். சமஸ்தானம் இருந்தவரைக்கும் அங்கே குதிரை வண்டிகள் நின்றனவாம். சமஸ்தானம் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அதன் வாசலில் 'தீயணைப்புப் பொருட்காட்சிசாலை' என்று சிவப்புப் பெயின்டில் எழுதிய பலகை தொங்கியது. ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கரிக்கொட்டகை என்றுதான் சொன்னார்கள்.

கோடை விடுமுறையில் போயிருந்தால், உள்ளே இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் பிள்ளை கையில் பிரம்போடு நின்று, ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டி, மூச்சு விடாமல் விளக்கம் சொல்லியிருப்பாள். அந்தப் பிள்ளை நான். எனக்கு அப்போது பதினொரு வயது. ஒரே ஒரு கோடை விடுமுறைதான் அந்த வேலை பார்த்தேன்.

அந்தக் கோடையைப் பற்றி என் பிள்ளைகளுக்குக்கூட நான் சரியாகச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. சொல்ல ஆரம்பித்தால், பாடத்தை ஒப்பிக்கிற மாதிரியே வருகிறது. இப்போதும் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காட்சிசாலை முழுக்க ஸ்டேஷன் ஆபீசரின் யோசனை. அவர் மெட்ராஸ் பக்கத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர், எப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டே பேசுவார். நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தால் ஜனங்கள் அதில் வடை மடித்துக்கொண்டு போகிறார்கள், கண்ணால் பார்த்தால்தான் புத்தியில் ஏறும் என்பது அவர் கட்சி. அரண்மனைப் பக்கத்து ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி வந்தார். பக்கத்துக்கு நாலு பேராக நின்று கைப்பிடியை ஏற்றி இறக்கித் தண்ணீர் அடிக்கிற பம்பு வண்டி, கறுத்து இறுகிப்போன தோல் வாளிகள், கொம்பு வைத்த மாதிரி நடுவில் முகடு எழும்பிய பித்தளைத் தொப்பிகள். தொப்பிக்குள் இருந்த தோல் பட்டையில் யாரோ ஒருவரின் தலை எண்ணெய் வாசனை அத்தனை வருஷம் கழித்தும் இருந்தது. நான் முகர்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்கச் சுவர் முழுவதும் எரிந்த சாமான்கள். எந்த ஊரில் தீப்பிடித்தாலும், அணைத்த பிறகு ஆபீசர் கரிக்குள் குச்சியால் கிளறி எதையாவது எடுத்து வருவார். திருமயத்துப் பக்கம் வளையல் கடை எரிந்தபோது உருகி ஒரே உருண்டையாக ஒட்டிப்போன கண்ணாடி வளையல்கள். பாதிக் கதவு. ஜவுளிக்கடையில் எரிந்து நின்றுபோன சுவர்க் கடிகாரம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு நம்பர், ஒரு வெள்ளை அட்டை, அதில் ஆபீசரின் குண்டு குண்டான கையெழுத்து. அடுத்த வருஷமே அவர் மாற்றலாகிப் போய்விட்டார். கொட்டகையில் டயர் அடுக்கிவிட்டார்கள். அந்தச் சாமான்களெல்லாம் எங்கே போயின என்று பல வருஷம் கழித்துக் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

என் அப்பா பயர் எஞ்சின் டிரைவர். ஸ்டேஷனை ஒட்டினாற்போல இருந்த லைன் வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. மணி அடித்தால் அப்பா சாப்பிட்ட கையோடு ஓடுவார். அம்மா பின்னாலேயே சொம்புத் தண்ணீரோடு ஓடுவாள். வண்டி கிளம்புவதற்குள் எப்படியாவது அவர் கையைக் கழுவ வைத்துவிடுவாள்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முதல் வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா எங்களுக்கு இரண்டு சாமான் கொடுத்தார். ஒன்று பித்தளைப் பம்பு ஸ்டவ். இன்னொன்று அம்மாவுக்கு நைலான் புடவை, ரோஜா நிறத்தில் வெள்ளைப் புள்ளி. லைனில் மற்ற எல்லா வீட்டிலும் விறகடுப்புதான். ஸ்டவ்வைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து போனார்கள். பம்பு அடிக்க அடிக்க அது உறுமுகிற சத்தம் எனக்குப் பிடிக்கும்.

ஒரு மாதத்தில் அதன் எண்ணெய் மூடி கசிய ஆரம்பித்தது. மூடிக்கு அடியில் ஈயத்தில் ஒரு வாஷர் இருக்கும், அது நைந்துவிட்டது. கடைத்தெருவில் கேட்டதற்குத் திருச்சியிலிருந்துதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்டேஷனிலிருந்து கிழிந்த ஹோஸ் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் உள்பக்க ரப்பரை உரித்து எடுத்தார். செல்லாமல் போன ஓட்டைக் காலணா ஒன்று வீட்டில் கிடந்தது. அதை ரப்பர் மேல் வைத்துப் பென்சிலால் உள்ளும் வெளியும் வட்டம் வரைந்தார். ரப்பர் நழுவாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டவள் நான்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அது வேணாங்க. ஈய வாஷரே வரட்டும். அதுவரைக்கும் நான் வெறகுலயே பொங்கிக்கிறேன்."

"ஹோஸுல அம்புட்டு வேகத்துல தண்ணி வருது, அதுக்கே இந்த ரப்பர் தாங்குது. ஒரு ஒழக்கு சீமெண்ணெக்குத் தாங்காதாக்கும்?" என்று சொல்லிவிட்டு அப்பா கத்தரித்து முடித்தார்.

"தண்ணி வேற, சீமெண்ண வேற இல்லையா?"

"பயர் சர்வீஸ்காரனுக்கே நீ நெருப்பப் பத்திச் சொல்லித்தாறியா?"

அப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாஷர் கச்சிதமாகப் பொருந்தியது. பத்து நாள் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

மாசி மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். கந்தர்வக்கோட்டைப் பக்கம் வைக்கோல் போர் எரிகிறதென்று தகவல் வந்து, வண்டி போய்விட்டது. ஆபீசரிலிருந்து பயர்மேன்கள் வரை எல்லோரும் போய்விட்டார்கள், ஒரு வாட்ச்மேனைத் தவிர. நான் லைன் குழாயடியில் குடத்தோடு நின்றேன். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு 'புஸ்'. அவ்வளவுதான். பிறகு அம்மா வெளியே வந்தாள். அந்த நைலான் புடவை எரியவில்லை, உருகி அவள் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு அத்தை சாக்கை எடுத்துப் போர்த்தினாள். ஸ்டேஷன் சுவரோரம் மணல் வாளிகள் எட்டு, சிவப்பாக வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தினமும் பார்க்கிற வாளிகள்தான், ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

அம்மா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். வாழை இலையில் படுக்க வைத்திருந்தார்கள். என்னை ஒரே ஒரு தடவை உள்ளே விட்டார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்டாளா என்று தெரியவில்லை. "அடுப்ப அணைச்சாச்சா?" என்று கேட்டாள். நான் "அணைச்சாச்சும்மா" என்று சொன்னேன்.

நான் அழவில்லை. உங்களிடம் பெருமைக்காகவோ வருத்தத்துக்காகவோ இதைச் சொல்லவில்லை. அழுகை வரவில்லை, அதுதான் நடந்தது. தண்ணீருக்குள் தலையை அமுக்கிக்கொண்டால் வெளியே பேசுகிறவர்களின் சத்தம் எப்படிக் கேட்கும், அப்படித்தான் எல்லாம் கேட்டது. சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். தலை பின்னிவிட்டார்கள், உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டு அத்தை என் காதுபடவே, "கல்லுப் புள்ள. பெத்தவ போயிட்டா, ஒரு பொட்டுக் கண்ணீர் இல்ல பாரு" என்றாள். அவள் நல்லவள். உள்ளங்கை வெந்துபோய்த் துணி சுற்றியிருந்த கையால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு போட்டாள்.

ஆபீசர் விசாரித்து ரிப்போர்ட் எழுதினார். ஸ்டவ்வின் மூடி தனியாகக் கிடந்தது. வாஷர் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, எரிந்து போயிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றியிருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார். அப்போது பல வீடுகளில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அப்பாவை எதிரில் உட்காரவைத்து அதைப் படித்துக் காட்டினார். நான் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தேன். அப்பா கேட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார்.

கோடை விடுமுறை வந்தது. காட்சிசாலை திறக்கிற ஏற்பாடு மும்முரமாக நடந்தது. ஒரு நாள் ஆபீசர் எங்கள் வீட்டுக்கு வந்தார், வாசலிலேயே நின்றார், மூன்று நாலு தரம் செருமினார்.

"தப்பா நெனைக்காதீங்க டிரைவர். அந்த ஸ்டவ் உங்ககிட்டதானே இருக்கு? நம்ம ஊர்ல இப்பதான் வீட்டுக்கு வீடு வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. நாலு பொம்பளைங்க பாத்தா நாலு உயிர் பொழைக்கும்."

"எடுத்துக்கங்க சார்" என்றார் அப்பா.

மறுநாள் அப்பா ஸ்டவ்வைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். தொட்டியின் ஒரு பாதி பளபளவென்று வந்துவிட்டது. ஆபீசர் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "கரியோட இருந்தாத்தானேய்யா பாடம்! அப்படியே குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். அதனால் கடைசிவரைக்கும் அது ஒரு பக்கம் மின்னிக்கொண்டும் ஒரு பக்கம் கறுத்தும்தான் இருந்தது. அதற்குப் பதினேழாம் நம்பர். அட்டையில் இப்படி எழுதியிருந்தார்: 'பம்ப் ஸ்டவ். எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கவனக்குறைவால் ஒரு குடும்பப் பெண் உயிரிழந்தார். நைலான் சேலை அணிந்து சமைத்தல் ஆபத்து.'

என்னை விளக்கம் சொல்ல வைத்ததும் ஆபீசர்தான். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நான் பரிசு வாங்கியவள், குரல் கணீரென்று இருக்கும். "வீட்ல தனியா உக்காந்து என்ன பண்ணப்போற பாப்பா? இங்க வந்தா மனசு வேற பக்கம் திரும்பும்" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். இருபத்திரண்டு அட்டைகளையும் மனப்பாடம் செய்யச் சொன்னார். பதினேழை விட்டுவிட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. இல்லை, அப்பாவுக்குத் தோன்றியிருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

காலையில் ஒன்பது மணிக்குத் திறப்போம். ஓட்டுக்கூரை சூடேறி, பாலிஷ் போட்ட பித்தளை வாசனையும் நனைந்த கான்வாஸ் வாசனையும் மேலே குடியிருந்த புறாக்கள் வாசனையும் சேர்ந்து ஒரு மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். பம்பு வண்டி வந்ததும் குரலை உயர்த்துவேன். பித்தளைத் தொப்பி வந்ததும் யாராவது ஒரு குழந்தையின் தலையில் வைப்பேன், அது மூக்கு வரைக்கும் இறங்கும், எல்லோரும் சிரிப்பார்கள். பதினாறு வளையல் உருண்டை. பதினேழு ஸ்டவ். பிரம்பால் தொட்டியைத் தட்டி, "எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கவனக்குறைவால்" என்று ஆரம்பிப்பேன். பெண்கள் "ஐயோ பாவமே" என்பார்கள். சிலர், "கொஞ்சம் பொறுத்து ஊத்தியிருக்கலாமில்ல, அப்படி என்ன அவசரம்" என்பார்கள்.

"யாரு தாயி அந்தப் பொம்பள? நம்ம ஊரா?"

"தெரியாதுங்க" என்பேன். பதினெட்டுக்குப் போவேன்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அட்டையில் இருந்த பெண் வேறு யாரோ. அவளுக்கு முகம் இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை சொன்னேன். அப்பா வண்டியில் வேலை இல்லாத நேரமெல்லாம் கொட்டகை வாசலில் வந்து நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாதி உள்ளே பாதி வெளியே நிற்பார். நான் பதினேழை முடித்ததும் போய்விடுவார். என் குரலைக் கேட்கப் பெருமையாக வருகிறார் என்று மற்ற பயர்மேன்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து ஒரு ராவுத்தர் வருவார். வெள்ளைத் தாடி, அத்தர் வாசனை. விளக்கம் எதுவும் கேட்கமாட்டார். நேராகச் சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் போய்ச் சிறிது நேரம் நிற்பார், போய்விடுவார். மூன்றாவது வாரம் வந்தபோது கூட்டம் இல்லை. நான் வழக்கப்படி, "இது ஜவுளிக்கடை ஒன்றில்" என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்த்தா. எங்க கடதான்."

நான் பிரம்பைக் கீழே இறக்கினேன்.

"யாராச்சும் கேட்டா எனக்குத் தெரியாதும்பேன். சொன்னா எப்புடி எரிஞ்சுச்சு, யாரு விட்ட பீடின்னு ஆரம்பிப்பாங்க." பிறகு பதினேழைத் திரும்பிப் பார்த்தார். "அது ஒங்க வீட்டுதாக்கும்?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம். அந்தக் கோடையில் என்னிடம் ஆறுதல் சொல்லாமல் இருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

வைகாசி பிறந்த சமயம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, மீமிசல் பக்கத்தில் விவசாயம். காரியத்துக்கு வந்து போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் வருகிறார். வீடு பூட்டியிருந்ததால் தேடிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார், கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு. நான் சிலருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா ஓரமாக நின்று, வாயெல்லாம் சிரிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வந்தது. சொன்னேன். கூட்டம் நகர்ந்தது. மாமா மட்டும் நகரவில்லை. அவருக்கு அந்த ஸ்டவ்வைத் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது அதில் காபி குடித்திருக்கிறார்.

எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அதுல என்ன எழுதியிருக்கோ, அத அப்படியே படி."

படித்தேன்.

"கவனக்குறைவா? எங்க அக்காளுக்கா?" என்றார். குரல் பெரிதாக இல்லை. "கெணத்துல வாளிய எறக்கும்போதுகூடக் கயித்த ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் எறக்குவா. அவளா எரியிற அடுப்புல எண்ணெய ஊத்துனா? யாரு பாத்தா?"

நான் பிரம்பைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"நீயா இதத் தெனமும் சொல்லிக்கிட்டு நிக்கிற?"

வண்டி நிற்கிற இடத்துக்கு விறுவிறுவென்று போனார். நானும் பின்னால் போனேன். அப்பா வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், எங்க அக்கா போனா, விதின்னு இருந்துட்டோம். இப்ப ஊரக் கூட்டி வச்சு அவளப் புத்தி கெட்டவன்னு சொல்லிக்கிட்டிருக்கீங்க. அதுவும் அவ பெத்த புள்ள வாயால."

"ஆபீசர் எழுதுனது மாப்ள."

"அவரு எழுதுனாரு சரி. நீங்க என்ன சொன்னீங்க?"

அப்பா துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். மாமா கருவாட்டுப் பொட்டலத்தை வண்டியின் மட்கார்டு மேல் வைத்துவிட்டு, சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மாதர் சங்கத்திலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் வந்தார்கள். ஆபீசர் உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பதினாறு வரைக்கும் நன்றாகச் சொன்னேன். பதினேழில் பிரம்பால் தட்டினேன். "எரியும் அடுப்பில்" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மறக்கவில்லை, அட்டை கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. வாயில் வரவில்லை.

ஆபீசர் குனிந்து மெதுவாக எடுத்துக்கொடுத்தார். "எண்ணெய் ஊற்றிய கவனக்குறைவால்... சொல்லு பாப்பா."

"இல்ல சார்" என்றேன். "எங்கம்மா எண்ணெ ஊத்தல. முதல் நாளே ஊத்தி மூடிட்டாங்க. இந்த மூடியில ரப்பர் வாஷர் போட்டிருந்துச்சு. எங்கம்மா வேணாம்னு சொன்னாங்க. எங்கப்பாதான் ஹோஸ் ரப்பர வெட்டி மாட்டுனாங்க. நான்தான் புடிச்சுக்கிட்டேன்."

ஒப்பிக்கிற குரலிலேயே சொன்னேன். வேறு குரல் எனக்கு அப்போது இல்லை. ஒரு பெண்மணி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். புறாக்கள் மேலே சிறகடித்தன. வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

ஆபீசர் எப்படியோ சமாளித்து அவர்களை அனுப்பிவைத்தார். பிறகு அப்பாவை உள்ளே கூப்பிட்டார்.

"என்னய்யா இது? பிள்ளை ஏதோ உளறுதா?"

"இல்ல சார். நெசந்தான். மண்ணெண்ணெயில ரப்பர் ஊறிக் கொழகொழன்னு போயிரும், மூடி புடி விட்டுத் தெறிச்சிரும். அது எனக்குத் தெரியாமப் போச்சு. அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"விசாரணையில ஏன் சொல்லல?"

"நீங்க வாசிச்சுக் காட்டுனீங்க சார். யாரும் எங்கிட்டக் கேக்கல. கேக்காமச் சொல்ல எனக்கு வாய் வரல."

ஆபீசருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ரிப்போர்ட் மேலே போய்விட்டது என்றார், இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார், ஸ்டவ்வை எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்றார். அப்பா அவர் பேசி முடிக்கும்வரை நின்றுவிட்டு, என் பக்கம் திரும்பினார். அம்மா போனதற்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த. ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்த்தா. என்னைக்காச்சும் சொல்லுவ, சொல்லுவன்னுதான் தெனமும் வாசல்ல வந்து நின்னேன்."

இப்போது அப்பா காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. நான் அவர் போன வயதைத் தாண்டிவிட்டேன். ஆபீசர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அடுத்த வீட்டு அத்தை மேலும் இல்லை. அப்பா வாஷர் வெட்டியதற்காகவும் இல்லை, ஆசையாகச் செய்த வேலை அது. ஆனால் அந்த வாசலில் வந்து நின்றதை மட்டும் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. தானாகச் சொல்லத் துணிவில்லாமல், தண்டனை என் வாயிலிருந்து வரட்டும் என்று ஒரு மனுஷர் காத்திருந்திருக்கிறார். ஐம்பது தடவையோ அறுபது தடவையோ நான் அம்மாவைக் குற்றம் சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்டுவிட்டு, இன்றைக்கும் தப்பினோம் என்று போனாரா, இன்றைக்கும் சொல்லவில்லையே என்று போனாரா? கேட்டிருக்கலாம். அவர் இருந்த காலத்தில் நான் கேட்கவில்லை. நானும் அவர் மகள்தானே.

ஸ்டவ்வை எடுக்க வேண்டாம், அட்டையை மாற்றி எழுதுங்கள் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். ஆபீசர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு புதிதாக ஒன்று எழுதி வைத்தார். 'மூடியில் தகாத வாஷர் பொருத்தப்பட்டதால் விபத்து நேர்ந்தது. பழுது பார்ப்பதைத் தகுந்தவரிடம் விடவும்.' யார் பொருத்தினார்கள் என்பது அதில் இல்லை. அப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியது. நான் அதை மனப்பாடம் செய்துகொண்டேன். முதல் அட்டையைச் சொன்ன மாதிரியே இதையும் சொன்னேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

விடுமுறை முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, கோடை வகுப்புப் பிள்ளைகளை ஒரு டீச்சர் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைவிடச் சின்னப் பிள்ளைகள். பதினேழு வந்தது. சொல்லி முடித்து அடுத்ததற்கு நகர்ந்தேன். முன் வரிசையில் பல் விழுந்த பெண் பிள்ளை ஒன்று நகராமல் நின்றது.

"அக்கா, தப்பான வாஷர யாரு மாட்டுனது?"

எனக்குப் பதில் தெரியும். சொல்வதா என்று தெரியவில்லை. 'தெரியாது' என்பதுதான் பழகிய வார்த்தை, அது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"நான்தான் பாப்பா" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா காக்கிச் சட்டையோடு நின்றார். உள்ளே இரண்டு எட்டு வந்தார். "நான்தான் மாட்டுனேன். இந்தப் புள்ளையோட அம்மாதான் எறந்துபோனது. எம் பொஞ்சாதி. அவ வேணாம்னு சொன்னா, நான் கேக்கல."

டீச்சர் பிள்ளைகளை அவசரமாக நகர்த்தினார். அந்தப் பல் விழுந்த பிள்ளை மட்டும் என்னைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. நான் பதினெட்டாம் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வரைக்கும் ஒரு வார்த்தை தப்பாமல் சொன்னேன்.

சாயங்காலம் கொட்டகையைப் பூட்டிச் சாவியை ஆபீசரிடம் கொடுத்தோம். லைன் வீடு முப்பது நாற்பது எட்டு தூரம்தான். பாதி வழியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கியரும் ஸ்டீயரிங்கும் பிடித்துக் காய்த்துப்போன கை. நான் என் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை. அப்படியே வீட்டுக்குப் போனோம்.